சிவந்ததெல்லாம் அவளுக்கு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் முதலில் சாப்பிட்டது ரொட்டி சானாய், ஏறக்குறைய நம் பரோட்டா. என் மகள் எதிரில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை விமான நிலையத்தில் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். கம்பித் தடுப்புக்குப் பின்னால் தொளதொளவென்று ஒரு சட்டைக்குள் நின்ற பெண்ணைப் பார்த்தேன், யாரோ நோயாளி என்று நினைத்தேன், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து "அப்பா" என்ற குரல் வந்தது. திரும்பியபோது என் முகம் எப்படி இருந்ததென்று தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளை நிவேதிதா என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம் என்றாள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் துறையூருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நிவி ஒரே பெண். இங்கே மலேசியாவில் மேற்படிப்பு முடித்து, இரண்டு வருடமாகக் கிள்ளானை ஒட்டிய ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். பிஸ்கட், சிப்ஸ், காப்பித்தூள் என்று கம்பெனிகள் அனுப்புவதைப் பரிசோதிக்கும் இடம். கலப்படம் பார்ப்பது வேறு பிரிவு. இவள் பார்ப்பது, சமைக்கும்போது தானாகவே உருவாகிவிடும் கெடுதலான பொருள்களை. அவற்றில் முக்கியமானது அக்ரிலமைடு. கிழங்கிலும் தானியத்திலும் உள்ள ஓர் அமினோ அமிலமும் சர்க்கரையும் கடும் சூட்டில் சேரும்போது பிறப்பது. எந்த வினை வறுவலைச் சிவக்க வைத்து மணக்க வைக்கிறதோ, அதே வினையின் ஓரத்தில் இதுவும் பிறக்கிறது. சிவப்பு ஏற ஏற இதுவும் ஏறும்.

நான் வருவதற்குப் பத்து நாள் முன்னால், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர், பிரிக்பீல்ட்ஸில் நிவி தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சாந்தி. நாற்பது வயதுக்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். "அண்ணே, பயப்படாதீங்க. நிவி கிள்ளான் ஸ்டேஷன்ல மயங்கி விழுந்துட்டா. இப்ப ஓகே. ஆனா அவ சாப்பிடறதே இல்லண்ணே. நீங்க வந்துட்டா நல்லதுலா" என்றார். என் மனைவி மலருக்குப் பாஸ்போர்ட் இல்லை. நான் மட்டும் கிளம்பினேன். மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டி வந்துவிடுவதாக மலரிடம் சொல்லியிருந்தேன்.

அந்த ரொட்டிக் கடையில் மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடித்தாள் மாதிரி ஆக்கி, மடித்து, கல்லில் போட்டார். தட்டில் வந்தபோது ரொட்டியின் மேல் பழுப்பு வட்டங்கள். நிவியின் கண் அந்த வட்டங்களின் மேலேயே இருந்தது. நான் பிய்த்து வாயில் வைக்கும்போது அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"இவளோட கடைக்கு வந்தா கடைக்காரன் நம்மளப் பார்த்துப் பயப்படுறான் அண்ணே. ஹெல்த் டிபார்ட்மென்ட் ஆளுன்னு நெனச்சுக்குறான்" என்றார் கூட வந்திருந்த சாந்தி. நிவி சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தாள். ரொட்டி நன்றாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் சாப்பாட்டைப் பார்த்தேன். அவித்த சர்க்கரைவள்ளி இரண்டு துண்டு, வெள்ளரிக்காய், ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி. வெட்டிய ஓரங்களை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள்.

கடைத்தெருவில் இட்லி மாவு வாங்கி வந்தேன். மேலே மோனோரெயில் போகிறது, கீழே பூக்கடை, மளிகைக்கடை, கடைவாசலில் தமிழ்ப்பாட்டு. கண்ணை மூடினால் திருச்சி பெரிய கடைவீதி. கண்பார்வை இல்லாதவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் வரி பதித்திருக்கிறார்கள். அது மட்டும் நம் ஊரில் இல்லை.

இட்லியை அவள் முன்னால் வைத்துவிட்டு வகுப்பில் பேசுவதுபோல் ஆரம்பித்தேன். "இது ஆவியில வேகுது. நூறு டிகிரிய தாண்டாது. நூத்திருபதுக்கு மேலதான் அது கணிசமா உருவாகும். உனக்கே தெரியும்."

"தெரியும்ப்பா."

"அப்புறம் என்னம்மா?"

"உளுந்த வறுத்திருப்பாங்களோ?"

"இட்லிக்கு யாரும்மா உளுந்த வறுப்பாங்க?"

"நாம பார்க்கலையேப்பா."

அரை இட்லி தின்றாள். அதற்கு இருபது நிமிடம் ஆனது. நான் செய்த தேங்காய்ச் சட்னியில் கடுகு தாளித்திருந்தேன். அந்தக் கிண்ணத்தை அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் மூவரும் நடக்கப் போனோம். முனையில் ஒரு பிசாங் கோரெங் கடை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது, ஏறக்குறைய நம் பஜ்ஜி. ஊரில் அந்த வாசனை வந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். நிவி சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து நின்றாள்.

சாந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "முதல்ல சிப்ஸ விட்டா. நல்லதுதானேன்னு நெனச்சேன். அப்புறம் பிஸ்கட், காப்பி, தோசை. ஒருநாள் நான் தாளிக்கிறப்ப வீட்டுக்கு வெளிய போய் நின்னுக்கிட்டா, மழையில. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துருச்சு. எல்லாம் தீபாவளிக்கு அப்புறம்தாண்ணே."

தீபாவளிக்கு அப்புறம் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கிள்ளானுக்குப் போனோம். ஆய்வகத்தில் விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், அவள் லாக்கரில் உள்ள சாமான்களை எடுக்க வேண்டும். தனியாகப் போகிறேன் என்றாள். விடவில்லை.

ரயிலில் அவள் ஏறிய பெட்டியில் நானும் ஏறி உட்கார்ந்தேன். எதிரில் இருந்த மலாய்ப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். ஒருவர் சுவரைக் காட்டினார். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு. பக்கத்தில் இருந்த தமிழ் அம்மாள்தான் புரியவைத்தார். "அங்கிள், இது பொம்பளைங்க கோச்சு. அடுத்ததுக்கு மாறிக்குங்க. கார்டு வந்தா ஏசுவான்."

"என் பொண்ணுக்கு உடம்பு சரியில்லைங்க."

"அவள நாங்க பாத்துக்குறோம். நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம்? போங்க."

பெட்டியே சிரித்தது. நிவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பெட்டிக்குப் போய் இடம் இருந்தும் உட்காராமல், இணைப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ரயில் வளையும்போது அவள் தலை மறையும். நேரானதும் தெரியும். தெரிகிறவரை மூச்சு விட மாட்டேன். அவள் மயங்கி விழுந்தது இந்தத் தடத்தில்தான்.

அந்த அம்மாள் பையிலிருந்து முறுக்கு எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். நிவிக்கும். அவள் மறுக்கவில்லை. வாங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கிள்ளான் வரும்வரை, ஏதோ காயம்பட்ட பறவையைப் பிடித்திருப்பவள்போல, அசையாமல் பிடித்திருந்தாள். இறங்கியதும் என் கையில் கொடுத்தாள். அது சூடாக இருந்தது. பிளாட்பாரத்திலேயே தின்றேன்.

நிலையத்திலிருந்து வாடகைக் காரில் போனோம். ஓட்டியவர் ஒரு தமிழர். சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ், லேப்புக்கா போறீங்க? அங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"சாப்பாட்டு சாமான் டெஸ்ட் பண்ணுவாங்க."

"அப்படியா! எங்க வீட்டம்மா வைக்கிற மீன் கறியக் கொண்டாரேன், டெஸ்ட் பண்ணி ஒரு லெட்டர் குடுங்க பாஸ். இருபது வருஷமா நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

நிவி சத்தமாகச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான். சிரித்து முடித்ததும் மூச்சு வாங்கியது.

ஆய்வகம் தொழிற்பேட்டைக்குள் சாம்பல் நிறக் கட்டடம். நிவியின் மேலதிகாரி ரொஹானா, ஐம்பது வயது மலாய்ப் பெண்மணி. நிவி சாமான்களை எடுக்கப் போனதும் என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். ஆங்கிலத்தில் பேசினார். "இவளைவிடக் கவனமாக வேலை செய்கிற ஆள் இங்கே இல்லை. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியாமல் போனதே அதனால்தான்."

அறையின் கண்ணாடிக்கு அப்பால் இளைஞர் ஒருவர் ஒரு பாக்கெட் சிப்ஸை முழுவதுமாக அரவையில் கொட்டிக்கொண்டிருந்தார். தூளைக்கூட விடவில்லை. பாக்கெட்டில் கரிந்ததும் இருக்கும், வெளுத்ததும் இருக்கும். எல்லாம் கலந்தால்தான் எண் நியாயமாக இருக்கும். அரைத்து, எடை போட்டு, நீரில் கரைத்து, வடிகட்டி, சுண்டுவிரல் நீளக் குப்பியில் அடைத்துக் கருவியில் வைக்கிறார்கள். மீதியை அது பார்த்துக்கொள்கிறது. "வந்த பொருளைத்தான் சோதிப்போம். அதை யார், எப்படிப் பொறுக்கி அனுப்பினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது" என்றார் ரொஹானா.

பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அவள் வேலைக்கு வராமல் போனபின், கருவியில் அவள் ஓட்டிய பழைய சோதனைகளைச் சரிபார்த்தேன். ஒரு பெயர் புரியவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு இல்லை. தமிழ்ச் சொல்லா?"

வாடிக்கையாளர் எண்களுக்கு நடுவில் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. அப்பா-1. அப்பா-2. அப்படியே ஆறு வரை.

"அது நான்தான்" என்றேன்.

எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. மலருக்குத் தபால் அலுவலகம் விட்டு வரவே இருட்டிவிடும். தீபாவளிக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் நான்தான் போடுவேன். நிவி நாலு வயதிலிருந்தே தட்டில் சிவந்ததைத்தான் தேடி எடுப்பாள். வெளுப்பானதை என் பக்கம் தள்ளுவாள். போன தீபாவளிக்கு உடன் வேலை பார்ப்பவரின் மகன் கோலாலம்பூருக்குக் கிளம்பினான். போட்ட சிப்ஸை எல்லாம் செய்தித்தாளில் பரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, நன்றாகச் சிவந்ததை மட்டும் பொறுக்கி ஒரு சம்படம் நிறைய அடைத்து அனுப்பினேன். வெளுத்ததை நாங்கள் இருவரும் தின்றோம். மகளுக்கு நல்லதை அனுப்பிவிட்ட திருப்தியோடு தின்றோம். மாணவர்களுக்கு அந்த வினையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். சம்படத்தை நிரப்பும்போது அது ஞாபகம் வரவில்லை.

தாளில் இருந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் அதுதான் மிகப் பெரியது.

"சந்தேகம் என்றால் இரண்டாவது முறை ஓட்டுவோம். அவள் ஆறு முறை ஓட்டியிருக்கிறாள்" என்றார் ரொஹானா. ஆறு எண்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அவ்வளவு சுத்தமான வேலை.

வெளியே வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. மாதிரி எடுத்ததிலேயே பிழை. இதை விளக்கிவிட்டால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். காருக்காகப் பேருந்து நிழற்குடையில் நின்றோம். போர்ட் கிள்ளான் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் தரையை அதிர வைத்துக்கொண்டு போயின.

"நிவி, நீ எடுத்த சாம்பிளே தப்பும்மா. நான் செவந்ததா பொறுக்கி அனுப்பினேன். மொத்தத்துல கால் பங்குகூட இல்ல அது. எல்லாத்தையும் கலந்து எடுத்திருந்தா அந்த நம்பர் வந்திருக்காது."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"சம்படத்தைத் திறந்ததுமே தெரிஞ்சுது. ஒண்ணுகூட வெளுப்பா இல்ல. நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்து பொறுக்கினது அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. அதனாலதான், நம்பர் தப்பா இருக்கட்டும்னு, ஆறு தடவ ஓட்டினேன்."

ஒரு லாரி போய் முடியும்வரை காத்திருந்து மறுபடி பேசினாள். "வேற யாராவது குடுத்திருந்தா தூக்கிப் போட்டிருப்பேன்ப்பா. உங்களுதத் தூக்கிப் போடவும் முடியல, திங்கவும் முடியல. அப்புறம் எதையும் வாயில வைக்கப் பயமாயிருச்சு. நீங்க பார்த்துப் பார்த்து எடுத்ததே அப்படின்னா, பார்க்காம செஞ்சு போடறவங்க சாப்பாடு எப்படி இருக்கும்?"

எலிகளுக்குப் பெரிய அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்தது. மனிதர் சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் என்ன செய்கிறது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. கரியவிடாமல் பொன்னிறத்தில் எடுத்தால் நிறையக் குறையும். எப்போதாவது தின்பதால் யாரும் விழுந்துவிடுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைவிட அவளுக்குத் தெரியும். கார் வந்தது, ஏறினோம். மதியம் கிள்ளான் கடைத்தெருவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்று காலையில் சொல்லியிருந்தேன். அந்தக் கடையைத் தாண்டித்தான் கார் போனது. நிறுத்தச் சொல்லவில்லை.

நான்காம் நாள் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை. சீன டாக்டர், என் மனைவி வயது. இதயத் துடிப்பின் படத்தையும் இரத்த அறிக்கையையும் ரொம்ப நேரம் பார்த்தார். "உணவைப் பற்றி நான் இவளுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. இவள் எனக்கு நடத்துவாள்" என்றார். "இது ஒரு நோய். பயம் முதலில் ஒரு காரணத்தோடு வரும். பிறகு அதற்குக் காரணம் தேவைப்படாது. இதற்கென்று வார்டு இருக்கிறது. சில வாரங்கள் ஆகும்."

ஊருக்குக் கூட்டிப் போகத்தான் வந்தேன் என்று சொன்னேன். இந்த உடம்போடு இப்போது விமானத்தில் ஏற்ற முடியாது என்றார். சரி, கொஞ்சம் தேறியதும் கூட்டிப் போகிறேன், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றேன். அப்போதுதான் நிவி வாயைத் திறந்தாள்.

"வேணாம்ப்பா. வீட்டுக்கு வந்தா நீங்க எனக்காகச் சமைப்பீங்க. நான் சாப்பிடலைன்னா உங்க மூஞ்சியப் பார்க்கணும். என்னால முடியாது. நான் இங்கயே சேர்ந்துக்குறேன்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கையெழுத்து அவளே போட்டாள்.

சாந்தியிடம் சொன்னபோது அவர் வேன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அழுதார். "ரூம் அப்படியே இருக்கட்டும்ணே. யாரையும் வைக்க மாட்டேன். நீங்க தங்கிக்குங்க" என்றார். இப்போது அந்த அறையில்தான் இருக்கிறேன். விடுப்பை நீட்டித்திருக்கிறேன். மலர் தினமும் போனில் ஒரே கேள்வி கேட்கிறாள். "என்ன சாப்பிட்டா?"

பதில் சொல்ல முடியாது. வார்டில் ஒரு விதி இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் உறவினர்கள் உள்ளே இருக்கக் கூடாது. முதல் நாளே தமிழ் நர்ஸ் ஒருத்தி என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டாள்.

"எவ்வளவு சாப்பிட்டாள்னு மட்டும் சொல்லுங்கம்மா."

"கேக்கக் கூடாது அங்கிள். அவங்ககிட்டயும் கேக்கக் கூடாது. தட்டையும் பார்க்கக் கூடாது. நாங்க எழுதி வெச்சுக்குவோம். நீங்க உள்ள போனா வேற ஏதாவது பேசுங்க. கிரிக்கெட் பேசுங்க."

"அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது."

"அப்ப சினிமா பேசுங்க. சினிமா பிடிக்காத தமிழாள் உண்டா?"

எனக்குச் சினிமா தெரியாது. வழியில் கடைவாசல்களில் ஒட்டியிருக்கும் படச் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டு போகிறேன். யார் நடிக்கிறார்கள் என்று தப்பாகச் சொல்கிறேன். அவள் திருத்துகிறாள். இப்படி ஐந்து நாள் போயிற்று. அவள் கன்னத்தையும் மணிக்கட்டையும் பார்த்துக் கணக்குப் போடாமல் இருக்க முயல்கிறேன். முடிவதில்லை.

நேற்று மதியம் வராந்தாவில் நின்றிருந்தேன். சாப்பாடு முடிந்து தட்டு வண்டி வெளியே வந்தது. எல்லாத் தட்டுக்கும் மூடி உண்டு, மூடியில் படுக்கை எண் உண்டு. வண்டி தள்ளுகிற ஆளுக்குப் போன் வந்தது. சரியாக என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். மேல் தட்டில் பதினான்காம் எண். நிவியுடையது. மூடி ஒரு பக்கமாக விலகியிருந்தது. கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும். சோறு எவ்வளவு மிச்சம், மீனைத் தொட்டாளா, எல்லாம் தெரிந்துவிடும். இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தின் அடிவளைவைப் பார்த்து அளவு சொல்கிறவன் நான். ஒரு பார்வையில் கிராம் கணக்கு சொல்லியிருப்பேன். மலருக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே மழைக்கு முன்னால் கார்களை அவசரமாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் மலாயில் யாரிடமோ நீளமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்துச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை நின்றுவிட்டு உள்ளே போனேன்.

நிவி படுக்கையில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி ரொம்ப நேரம் வெளிய நின்னுச்சுல்ல. பார்த்தீங்களாப்பா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமா."

என் முகத்தை அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு கால்களைச் சுருக்கிக்கொண்டு, கட்டிலில் நான் உட்கார இடம் விட்டாள்.